செம்மண்ணில் விலை உயர்ந்த மெட்டல் டிடெக்டர் கூடுதலாக எதைத் தரும்?

கட்டபெட்டு_ஆசிரியர் (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டை ஒட்டி அரை ஏக்கர் தேயிலையும், அதற்குக் கீழே என் தாத்தா உருளைக்கிழங்கு போட்டுவந்த இரண்டு படி நிலங்களும் எனக்கு உள்ளன. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தம்முடைய மலிவு விலை டிடெக்டரை இரவல் கொடுத்தார். அதைக் கொண்டு இதுவரை ஒரு குதிரை லாடம், இரண்டு காலணா, ஒரு பித்தளைப் பூட்டு ஆகியவற்றையும் எண்ணிக்கையில் அடங்காத ஆணிகளையும் எடுத்திருக்கிறேன். மாலை நேரத்தை இவ்வளவு நிறைவாகக் கழித்த நாட்கள் என் வாழ்வில் குறைவு.

அந்தக் கருவியில் இரண்டு தொல்லைகள் உள்ளன. தரைமேல் வீசும் வட்டத் தட்டான காயிலைச் சற்று உயர்த்தித் தாழ்த்தினாலே, அடியில் எதுவும் இல்லாத இடத்திலும் அது கத்துகிறது. நிலத்தின் கீழ் மூலையிலோ, காயிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் கடிகாரம்போல் இடைவிடாமல் டிக் டிக் என்று ஒலிக்கிறது. என் மகன் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கருவி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்கிறான். பிள்ளையின் பணம் என்றாலும் பணம் பணம்தான். ஐந்து மடங்கு, பத்து மடங்கு விலை கொடுத்தால் என் நிலத்தில் நான் தவறவிட்டவை உண்மையிலேயே கிடைக்குமா என்பதை, கையில் பிடித்துப் பழகியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குன்னூர்_செம்மண்

ஐயா, வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக இதில் இருக்கிறேன். முதலில் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அதன்பின் நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் வந்தது. இப்போது அதனுடன் மைன்லேப் எக்வினாக்ஸ் 800 என்ற கருவியும் இருக்கிறது. மூன்றாவதின் விலை இரண்டாவதைப் போல் மூன்று மடங்கு. தாங்கள் கேட்ட கேள்வியையே நானும் எனக்குள் கேட்டுக்கொண்டு ஒரு சோதனை செய்தேன். அதை விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் இடத்தை மூன்று கருவிகளாலும் துழாவி, இரும்புத் துணுக்குகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். அங்கே 10, 15, 20, 25 செ.மீ. ஆழங்களில் நான்கு காலணாக்களைப் புதைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் மண் இறுகட்டும் என்று விட்டுவிட்டேன். என் மனைவியின் 2 கிராம் மோதிரத்தையும் சோதித்தேன். அதை மட்டும் நைலான் நூலில் கட்டி, நூலின் நுனியை மண்ணுக்கு மேலே விட்டுப் புதைத்து, அன்று மாலையே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஏழாயிரம் ரூபாய்க் கருவி, மேசையின்மேல் காற்றில் பிடித்துப் பார்த்தபோது காலணாவை 18 செ.மீ. தூரத்திலிருந்தே காட்டியது. அதே கருவி மண்ணில் 10 செ.மீ. காலணாவைக் காட்டவே திணறியது. உணர்திறனைப் பாதிக்கு மேல் வைத்தால் மண்ணுக்கே கத்தியது. பாதிக்குக் கீழே இறக்கினால் காசும் தெரியவில்லை. இதற்குக் காரணம் நம் மண். பாறை சிதைந்து, மணற்சத்தை மழை கரைத்துக்கொண்டு போனபின் எஞ்சிய இரும்பு ஆக்சைடே இந்த மலையின் சிவப்பு. அந்த ஆக்சைடில் காந்தத் தன்மை உடைய துகள்கள் கலந்திருப்பதால், காயிலுக்கு மண் முழுவதுமே ஓர் உலோகப் பொருள்போலத் தோன்றுகிறது. மண்ணிலிருந்து வரும் அந்தக் குறிப்பை (சிக்னலை) கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் நமக்குக் காட்டும் ஏற்பாட்டைத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்கிறோம். மலிவுக் கருவிகளில் அது தொழிற்சாலையிலேயே ஓர் அளவில் நிறுத்தப்பட்டிருக்கும். அந்த அளவு நம் செம்மண்ணுக்குப் பொருந்துவதில்லை. தங்கள் கருவி காயிலைத் தூக்கும்போதெல்லாம் கத்துவது இதனால்தான்.

சிம்ப்ளெக்ஸ் 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குவது. ஆனால் கிரவுண்ட் பேலன்ஸை நாமே அந்தந்த இடத்தில் சரிசெய்துகொள்ள முடியும். பொத்தானை அழுத்திக்கொண்டு காயிலை நான்கைந்து முறை மண்ணை நோக்கி இறக்கி ஏற்றினால் போதும், கருவி அமைதியாகிவிடும். அது 20 செ.மீ. காலணாவைத் தெளிவாகக் காட்டியது, 25 செ.மீ. காலணாவுக்கு, ஹெட்போன் போட்டு மெல்ல வீசினால் மட்டும் ஒரு முனகல் கேட்டது. பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் எக்வினாக்ஸில் 25 செ.மீ. காலணா நன்றாகவே கேட்டது. ஆனால் உலோகத்தின் வகையைச் சுட்டத் திரையில் வந்த எண் தவறானது. அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இரும்பு என்று தாண்டிப் போயிருப்பேன். மோதிரத்தைப் பொறுத்தவரை, 15 செ.மீ. வரை இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே முதல் கருவிக்கும் இரண்டாவதற்கும் இடையே இருப்பது பெரிய பள்ளம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இருப்பது ஒரு படிக்கட்டுதான்.

சுருள்கம்பி (அருவங்காடு)

மின்னணுத் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், குன்னூர் நண்பரின் சோதனையில் அந்தக் கடைசி 5 செ.மீ. ஏன் அவ்வளவு விலை கேட்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

காயிலிலிருந்து புறப்படும் காந்தப்புலம், காயிலின் அளவைவிடத் தொலைவு கூடக் கூட, தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அந்தப் புலம் காசில் ஒரு சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அதிலிருந்து திரும்பி வரும் புலமும் அதே விகிதத்தில் குறைகிறது. போகவும் வரவும் சேர்த்தால் ஆறாம் மடி. ஆழத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் 64 மடங்கு நுண்ணிய குறிப்பை உணர வேண்டும், 20 செ.மீ.யிலிருந்து 25 செ.மீ.க்கு இறங்கவே ஏறத்தாழ நான்கு மடங்கு தேவைப்படுகிறது. காயிலுக்கு மிக அருகில் இந்தக் கணக்கு இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. ஆனால் நாம் சண்டையிடுவது எட்டாத ஆழத்தில்தானே. விலையை இரட்டிப்பாக்கினால் ஆழமும் இரட்டிப்பாகும் என்ற எண்ணத்துக்கு இயற்பியலில் இடமே இல்லை.

மற்றொன்று. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்களின் விலை வேறுபாட்டைக் கூர்ந்து பாருங்கள். எக்வினாக்ஸ் 600, 800 இரண்டும் 2018இல் ஒன்றாகவே வெளிவந்தன. இரண்டிலும் காயிலின் அளவு ஒன்று. பல அலைவரிசைத் தொழில்நுட்பமும் ஒன்று. 800இல் தங்கத் துணுக்குகளைத் தேடும் தனி முறையும், தனித்துப் பயன்படுத்தத்தக்க உயர் அலைவரிசைகளும், கூடுதல் வேக நிலைகளும் உண்டு. காசு தேடுபவருக்கு அந்தக் கூடுதல் தொகை ஒரு விரற்கடை ஆழத்தையும் தருவதில்லை.

உதகை_பங்களாத்தோட்டம்

மேலே எழுதிய இருவருடனும் நான் மாறுபடுகிறேன். நீங்கள் துப்புரவான மண்ணில் புதைத்துப் பார்த்திருக்கிறீர்கள். நம் ஊரில் துப்புரவான மண் எங்கே இருக்கிறது? நான் தேடுவது, உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியுடன், ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தில். கூரை மாற்றிய ஒவ்வொரு முறையும் தகர ஆணிகள் நூற்றுக்கணக்கில் கீழே விழுந்து மண்ணோடு மண்ணாகியிருக்கின்றன. அந்த இடத்தில் இரண்டு ஆண்டுகள் நடுத்தர விலைக் கருவியுடன் நடந்து, இனி ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தேன். அதன்பின் விலை உயர்ந்த கருவியுடன் அதே இடத்தில் ஒரே வாரத்தில் ஏழு காசுகள் எடுத்தேன். எதுவும் ஒரு சாணுக்குக் கீழே இல்லை. எல்லாமே ஆணிகளுக்கு அருகே கிடந்தவை. ஓர் ஆணியின் குறிப்பிலிருந்து கருவி மீண்டு, அடுத்த பொருளைக் கேட்க எடுத்துக்கொள்ளும் நேரம் குறுகியதாக இருந்தால்தான் ஆணிக்குப் பக்கத்தில் உள்ள காசு தனியாகக் கேட்கும். என் பணம் ஆழத்துக்கு அல்ல, இந்த வேகத்துக்குப் போயிற்று; அது வீண் போகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

குன்னூர்_செம்மண்

உதகை நண்பர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். என் சோதனையில் அந்தக் குறை இருந்தது. ஆணிகள் நிறைந்த இடத்தில் விலை உயர்ந்த கருவியின் சிறப்பு ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ஆனால் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். பழைய கருவியில் சிறிய காயில் ஒன்றை மாட்டிப் பார்த்தீர்களா? 28 செ.மீ. காயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் நான்கு ஆணிகள் வரும் இடத்தில், அதில் பாதி அளவுள்ள காயிலின் அடியில் ஒன்றோ இரண்டோதான் வரும். ஆழம் சிறிது குறையும்; பிரித்தறியும் திறன் வெகுவாகக் கூடும்.

தேயிலைக்கும் இதுவே பொருந்தும். கவ்வாத்து செய்து இரண்டு ஆண்டுகள் கடந்த தேயிலையில், வரிசைகளுக்கு நடுவே பெரிய காயிலைத் தரைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் வீசவே இயலாது. அது தூர்களில் இடித்துக்கொண்டே இருக்கும். காயில் ஒரு சாண் உயர்ந்தால், லட்ச ரூபாய்க் கருவியின் ஆழத்தில் ஒரு சாண் அங்கேயே போயிற்று.

உதகை_பங்களாத்தோட்டம்

இல்லை, மாட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கருவியை விற்றும்விட்டேன். ஏழு காசுகளில் எத்தனையைச் சிறிய காயில் காட்டியிருக்கும் என்பதை இனி என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் ஏழையும் அது காட்டியிருக்கும் என்று ஒப்ப மனம் வரவில்லை.

மஞ்சூர்_கொழுந்து

ஐயா, அண்ணா, எல்லோருக்கும் வணக்கம். நான் கருவி வைத்திருப்பவள் அல்லள், கருவியால் பயன்பெற்றவள். சென்ற தை மாதம் கொழுந்து பறிக்கும்போது என் தாலிச் சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் தெரிந்தது. அன்றிரவு வீட்டில் யாரும் உண்ணவில்லை.

மறுநாள் உறவினர் ஒருவர் மூலம், மிகவும் விலை உயர்ந்த கருவி வைத்திருந்த ஒருவர் வந்தார். மூன்று மணி நேரம் பொறுமையாகத் தேடினார். வெள்ளிக் காகிதங்களும் சோடா மூடிகளும்தான் கிடைத்தன. இரண்டு நாள் கழித்து எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் சாதாரணக் கருவியுடன் வந்தார். அவர் தேடத் தொடங்குவதற்கு முன் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். எந்த வரிசையில் தொடங்கினேன், எந்தக் கையில் பறித்தேன், பையை எந்தத் தோளில் மாட்டினேன், எங்கே குனிந்து செருப்பைச் சரிசெய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நான் குனிந்த இடத்தைச் சுற்றி நான்கு தூர்களின் அடியில் மட்டும் காயிலைச் செருகிச் செருகிப் பார்த்தார். ஐந்தாவது நிமிடத்தில் சருகுக்கு அடியில் ஒரு சிறு ஒலி. கையால் சருகை விலக்கியபோது முதலில் தெரிந்தது திருமாங்கல்யம்தான்; சங்கிலி அதற்குப் பின்னால் வேருக்குள் சுருண்டு கிடந்தது. எடுத்தபின் சங்கிலியை மட்டும் காயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். கருவி ஏறக்குறைய மௌனமாகவே இருந்தது. ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சுருள்கம்பி (அருவங்காடு)

சகோதரி, தங்கள் சங்கிலி கிடைத்தது அறிந்து மகிழ்ச்சி. சுழல் மின்னோட்டம் ஓடுவதற்குத் தொடர்ச்சியான உலோகப் பரப்போ வளையமோ வேண்டும். மோதிரம் முழு வளையம் என்பதால் நன்றாகக் கேட்கும். சங்கிலியில் கண்ணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும், அந்தத் தொடுமுனைகள் வழியே மின்னோட்டம் சரியாகப் பாய்வதில்லை. கருவிக்கு அது ஒரு சங்கிலியாகத் தெரியாமல், தனித்தனியான நூறு குட்டி வளையங்களாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் அதன் உணர்திறனுக்குக் கீழே. ஐந்து பவுன் சங்கிலி கேட்காத இடத்தில் அரை பவுன் மோதிரம் கேட்பது இதனால்தான். உயர் அலைவரிசைக் கருவிகள் இதில் சற்று மேல். ஆனால் எவ்வளவு விலை கொடுத்தாலும் மெல்லிய சங்கிலி கடினமான பொருளே. தாலியோ, டாலரோ, கொக்கியோதான் நம்மைக் காப்பாற்றும்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். 1992 முதல் வந்த ஒரு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் எஃகால் ஆனவை. இரும்பை விலக்கு என்று கருவிக்கு ஆணையிட்டால், அந்தக் காசுகளையும் அது விலக்கிவிடக்கூடும். 1960களின் அலுமினிய மூன்று பைசாவோ வெள்ளிக் காகிதத்துக்கு அருகேயான எண்ணையே காட்டும். மெல்லிய தங்க மோதிரமும் அந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. திரையில் எண் காட்டும் வசதிக்குப் பெரும்பணம் கொடுப்பவர்கள், அந்த எண்கள் பெரும்பாலும் அயல்நாட்டுக் காசுகளை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் காசுகளுக்கான எண்களை நாமே ஒரு தாளில் எழுதிப் பழக வேண்டியதுதான்.

தேவாலா_மழை

எங்கள் பக்கத்தில் பலர், தங்கத்துக்கென்றே செய்யப்பட்ட உயர் அலைவரிசைக் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சொல். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளின் தங்கத்தை நம்பி லண்டனில் நிறுவனங்கள் பல தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே நொடித்துப் போயின. இங்குள்ள தங்கம் வெள்ளைக்கல்லுக்குள் (குவார்ட்ஸ்) மிக நுண்ணிய துகளாக இருப்பது. அதை எந்த விலைக் கருவியும் காட்டாது. பழைய சுரங்கங்களுக்குள் நுழைவது சட்டத்துக்குப் புறம்பானது, உயிருக்கும் உலை வைப்பது. தயவுசெய்து அந்த எண்ணத்தில் யாரும் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பெருமாள்மலை_காற்று (கொடைக்கானல்)

விலையைப் பேசும் இடத்தில் சட்டத்தையும் பேசிவிடுவது நல்லது. ஏனெனில் நம் மலைகளில் கருவியை எடுத்துச் செல்லத்தக்க இடங்களே குறைவு. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் தோண்டுதல் கூடாது. பழனி மலையில் தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பகுதிகளில் பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் உள்ளன. நீலகிரியிலும் பழைய கல்வட்டங்கள் உள்ளன. அவற்றின் அருகே கருவியுடன் போவதே தவறு. ஒரு பொருளை மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டால், அது எந்த அடுக்கில், எதனுடன் கிடந்தது என்ற செய்தி என்றைக்கும் திரும்பாது. சொந்த நிலத்தில் எடுத்தாலும், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு சட்டத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது.

இதை விலையோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். நாம் நேர்மையாகத் தேடக்கூடிய இடம் நம் வீட்டுத் தோட்டமும், நண்பர்கள் அனுமதிக்கும் நிலமும்தான். அங்கே கிடப்பவை பெரும்பாலும் உழவு ஆழத்துக்குள், ஒரு சாணுக்குள். அதற்கு ஆழம் தேடும் பெரிய கருவி எதற்கு?

சுருள்கம்பி (அருவங்காடு)

கட்டபெட்டு ஐயாவின் முதல் பதிவை மீண்டும் படித்தேன். கீழ் மூலையில் கேட்கும் டிக் டிக் ஒலி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறையா? அந்தப் பக்கத்தில் காட்டுமாட்டுக்காகவோ பன்றிக்காகவோ சோலார் வேலி போட்டிருக்கிறார்களா? அப்படியானால் அது கருவியின் குறையே அன்று. வேலியின் மின்துடிப்பைக் காயில் வாங்குகிறது. உணர்திறன் மிகுந்த கருவி அதை இன்னும் உரக்கக் கேட்கவும் வாய்ப்புண்டு.

கட்டபெட்டு_ஆசிரியர் (கோத்தகிரி)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அருவங்காடு நண்பர் கேட்டது முற்றிலும் சரி. கீழ்நிலத்துக்காரர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சோலார் வேலி போட்டிருக்கிறார்; நான் ஒருபோதும் இரண்டையும் சேர்த்து எண்ணவில்லை. நேற்று அவரிடம் சொல்லி, பகலில் ஒரு மணி நேரம் வேலியை நிறுத்தி வைக்கும்படி கேட்டேன். அவர் சுவிட்சை அணைத்த நொடியில் ஒலி நின்றது.

குன்னூர் நண்பரும் தம்முடைய சிம்ப்ளெக்ஸுடன் வந்திருந்தார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கிரவுண்ட் பேலன்ஸ் செய்தபின், நான் ஓராண்டாகக் கத்தல் என்று ஒதுக்கிய அந்த மூலையில் இருவரும் மாறிமாறி நடந்தோம். முதலில் ஒரு கொத்தின் உடைந்த முனை கிடைத்தது. அடுத்து, கற்சுவரை ஒட்டி, இரண்டு பக்கமிருந்தும் வீசியபோது ஒரேபோல் ஒலித்த ஒரு குறிப்பு. கரண்டியால் மண்ணை வட்டமாக வெட்டி எடுத்துக் கையில் உதிர்த்தேன். 14 செ.மீ. ஆழத்தில் ஒரு காலணா. ஒரு பக்கம் முழுவதும் பச்சை பூத்து, தேயிலை மண்ணின் புளிப்பும் உரமும் ஆண்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத் தின்றுவிட்டிருந்தன. 19 மட்டும் தெரிகிறது.

மகனிடம் பேசிவிட்டேன். கிரவுண்ட் பேலன்ஸை நாமே சரிசெய்துகொள்ளக்கூடிய நடுத்தர விலைக் கருவி ஒன்று, அதற்கொரு சிறிய காயில், குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும் சிறு கைக்கருவியான ஒரு பின்பாயின்டர் ஆகியவற்றை மட்டும் கேட்டிருக்கிறேன். உதகை நண்பர் சொன்ன ஆணிப் பிரச்சினை என் பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் உண்டு. அங்கே சிறிய காயிலால் தேடியபின் கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதுகிறேன். அதன்பின் அவர் தம்முடைய கருவியுடன் ஒரு நாள் வந்து அதே இடத்தில் நடந்து பார்த்தால், அவர் விட்டுவைத்த கேள்விக்கும் விடை கிடைக்கும். தேநீரும் அவரைக்காயும் எங்கள் வீட்டில் காத்திருக்கும்.

உதகை_பங்களாத்தோட்டம்

கட்டாயம் வருகிறேன், ஐயா. கொட்டகை இடத்தை நீங்கள் முழுவதுமாகத் தேடி முடித்தபின் நாள் சொல்லுங்கள். எடுத்த ஒவ்வொரு பொருளின் இடத்திலும் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.